பட்ட மரத்தை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஆனைமலையிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் பறவைகளைப் பற்றி நீண்ட காலமாக ஆய்வு செய்துவரும் காட்டுயிரியலாளர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கோபிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. பறவையைப் பத்திப் படிச்சு காட்டுலதான் வேலை பார்ப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க வீட்டுக்காரரு பேசாம இன்ஜினியரிங் சேர்த்துடலாம்ங்கறாரு. பொட்டப்புள்ளைக்கு இந்த வேலை ஒத்து வருமாங்க? சோறு போடுமாங்க?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

ஒத்து வரும் அக்கா. முதலில் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். இளங்கலையில் விலங்கியல் எடுத்தாலும் தாவரவியல் எடுத்தாலும் பரவாயில்லை. காட்டுயிரியலுக்கென்றே உதகை அரசு கலைக் கல்லூரியில் படிப்பு இருக்கிறது. மயிலாடுதுறையை ஒட்டிய மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் முதுகலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதத் துணிந்தால் டேராடூனில் உள்ள இந்திய வன உயிர் நிறுவனம், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம். இத்தனையும் சொல்லிவிட்டு, நம் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியை நான் தனியாகச் சொல்வேன். அங்கே மரம் வளர்க்கக் கற்றுத் தருகிறார்கள். மரத்தை நடுகிறவரும் வெட்டுகிறவரும் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரியாத ஆள், அந்த மரத்தில் இருக்கும் பறவைக்காக அவர்களிடம் போய்ப் பேச முடியாது. என் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பேச்சுதான்.

கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில், 1990-இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. லீவு நாளில் மகளை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

சோறு போடுமா என்றால், போடும். ஆனால் நிதானமாகத்தான் போடும். தொடக்கத்தில் எல்லாம் ஆய்வுத் திட்ட வேலைதான். திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும், அடுத்த திட்டம் வரும்வரை வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்கும். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புள்ளியியலையும் கணினியில் தரவு அலசுவதையும் நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு வேலை தட்டாமல் கிடைக்கிறது. காட்டில் பார்த்ததை மேசையில் உட்கார்ந்து எழுதத் தெரிய வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு வருகிறேன். முகாம் ஷெட்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா, மாதவிலக்கு நாட்களில் தங்க வசதி உண்டா என்று வேலையில் சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் கூடாது. அப்படிக் கேட்ட பெண்களால்தான் பல முகாம்களில் இன்றைக்குக் கக்கூஸ் இருக்கிறது. யானை நடமாடும் காட்டில் உள்ளூர் வாட்சர் இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது. இது ஆணுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இன்ஜினியரிங் சீட்டு எந்த வருடமும் கிடைக்கும். ஒரு பெண் பிள்ளை தானாகவே காட்டைக் கேட்பது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை.

கேள்வி: மர டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டுப்போன மரம், பொந்து விழுந்த மரம் இதையெல்லாம் வெட்டாதே என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வதைப் பத்திரிகையில் பார்க்கிறேன். அழுகுகிற மரத்தை அப்படியே விட்டால் அரசாங்கத்துக்குத்தானே நட்டம்?
— பொள்ளாச்சி வாசகர்

ஐயா, இந்தக் கேள்வி எனக்கு வந்ததில் ரொம்பச் சந்தோஷம். டிப்போ மனிதர்களிடம் பேசித்தான் நான் இந்தத் தொழிலின் பாதியைக் கற்றேன்.

உங்களுக்கு மரம் என்றால் சுற்றளவு, நீளம், கன அடி. பொந்து விழுந்த மரத்தை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். அதனால்தான் மரம் வெட்ட ஒதுக்கிய கூப்புக்குள் ஆள் இறங்கியதும் முதலில் சாய்வது அது. பக்கத்து நல்ல மரத்துக்கு வெளிச்சம் கிடைக்கட்டும், பூச்சி பரவாமல் இருக்கட்டும் என்று பழைய வனவியல் பாடமும் அதையே சொன்னது. மரத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பாடத்தில் பிழை இல்லை.

ஆனைமலையின் டாப்ஸ்லிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கு வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழித்தெடுத்த மலை அது. ஹியூகோ உட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி, வெட்டுப்பட்டு நின்ற அடிக்கட்டைகளைத் துளிர்க்கவிட்டார், போகிற வழியெல்லாம் தேக்கு விதையை ஊன்றினார், காடு திரும்பி வந்தது. 1933-இல் இறந்தவருக்கு அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே கல்லறை. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தேக்கு மட்டுமே நிற்கும் துண்டுகளில் நடந்து பாருங்கள். ஜனவரி பிறந்தால் இலை கொட்டத் தொடங்கிவிடும். பெரிய அலகுள்ள பழந்தின்னிப் பறவையான பெரிய இருவாச்சி பொந்துக் கூட்டுக்குள் போவதும் அதே நேரத்தில்தான். அந்த மாதங்களில் அதற்கு மறைவு வேண்டும், பழம் வேண்டும். தேக்கு அப்போது இரண்டையும் தராது. ஆகவே அந்தப் பறவைக்கு அத்தியும் ஆலும் கல்லிச்சியும் நிற்கிற சோலையும், இடையிடையே விட்டுப்போன கிழட்டு மரங்களும்தான் கதி.

அந்தக் கிழட்டு மரம் ஏன் வேண்டும்? மரங்கொத்தி தன் வீட்டைத் தானே தோண்டிக்கொள்ளும். இருவாச்சியின் அலகு அத்தனை பெரிதாக இருந்தும் அதனால் மரத்தைக் குடைய முடியாது. ஒரு பெரிய கிளை முறிய வேண்டும், முறிந்த இடத்தில் மழை இறங்க வேண்டும், பூஞ்சை வைரத்தைத் தின்ன வேண்டும். ஒரு தாய்ப்பறவை உட்காரும் அளவுக்கு உள்ளே குழிவதற்கு மனித ஆயுள் போதாது. ஆனைமலையின் கரியன் சோலையை ஒட்டி 1990-களின் தொடக்கத்தில் பறவை ஆய்வாளர் ரகுபதி கண்ணன் இந்தப் பறவையின் கூடுகளை ஆராய்ந்தார். பெரிய மரம் இல்லாத இடத்தில் இருவாச்சி இல்லை என்பது அவர் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். பட்ட மரத்தை நம்பி இருவாச்சி மட்டும் இல்லை. நம் மலைக் காடுகளிலேயே பெரிய மரங்கொத்தியான வெள்ளை வயிற்றுக் கரு மரங்கொத்திக்கு நின்றபடியே பட்ட பெருமரங்கள் வேண்டும். தீக்காக்கை மக்கிப்போன அடிக்கட்டையில் குடைந்து முட்டையிடும். மரங்கொத்தி விட்டுப்போன ஓட்டையில் ஆந்தையும் மைனாவும் பறக்கும் அணிலும் குடியேறும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், ஒப்புதல் பெற்ற வேலைத் திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றது. அதே வழக்கில் 2000 பிப்ரவரியில், தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்ட மரம், நோய்ப்பட்ட மரம், காற்றில் விழுந்த மரம் எதையும் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஆக டாப்ஸ்லிப்பில் அந்தக் கோடாரி ஓய்ந்துவிட்டது. சரணாலயக் கோட்டுக்கு வெளியே நிற்கும் மரம் என்ன ஆவது? காப்புக்காட்டில், எஸ்டேட்டில், மலைச்சாலை ஓரத்தில்? என் வேலை அங்கேதான்.

வெட்டும் பட்டியல் எழுதும் முன், மரத்தில் நம்பர் விழும் முன் நான் போக வேண்டும். நம்பர் விழுந்தபிறகு யார் வந்து பேசினாலும் பலிக்காது. காடர் இனத்து வாட்சர் ஒருவர் கூட வந்தால் வேலை சுலபம். நான் பைனாகுலரில் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் தரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். கூட்டு மரத்தின் அடியில் எச்சம் தெறித்திருக்கும், அத்தி விதையும் காட்டுக் கொட்டைகளும் குவிந்து கிடக்கும், சிலது முளைத்தே இருக்கும். அண்ணாந்தால், தாய்ப்பறவை உள்ளிருந்து பொந்தின் வாயைப் பூசி அடைத்து, நெட்டுக்குத்தாக ஒரு கீறல் மட்டும் விட்டிருப்பது தெரியும். அந்த மரத்தை மட்டும் விட்டால் போதாது. இன்றைக்குக் கோணலாக நிற்கிற, கிளை முறிந்த, டிப்போவுக்கு ஆகாத நடுவயது மரங்களையும் சேர்த்து விடச் சொல்வேன். இன்றைய பொந்து மரம் ஒரு புயலில் சாய்ந்தால் அடுத்த பொந்து எங்கிருந்து வரும்?

சாலையோரத்தில் ஆள்மேல் விழும் என்று பயமிருந்தால், கிளைகளைக் கழித்து அடிமரத்தை நிறுத்திவைக்கலாம். மரங்கொத்திக்கு அது போதும்.

நட்டக் கணக்கை உங்களிடமே விடுகிறேன் ஐயா. விறகு விலைக்குக்கூடத் தள்ளாடிய பொந்து மரங்களை டிப்போவில் எத்தனை பார்த்திருப்பீர்கள்? அதை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்தால், இருவாச்சி விதை சுமந்து புதுமரம் நட்டுத் தருகிறது. அந்த நடவுக்கு யாரும் கூலி கேட்டதில்லை.

கேள்வி: இருவாச்சி அம்மா கூட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு இருக்கும்போது அப்பா செத்துப்போச்சுன்னா என்ன ஆகும்?
— ஏழாம் வகுப்பு மாணவி, ஈரோடு

கண்ணு, இதைக் கேட்கத் தோன்றியதற்கே உனக்கு ஒரு கைகுலுக்கல்.

அம்மா உள்ளே போனதும் தன் எச்சத்தையும் பழச் சதையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். பாம்பும் குரங்கும் நுழையாது. உள்ளே இருக்கும்போது பறக்கும் சிறகுகள் உதிர்ந்து புதிது முளைக்கும். அதனால் அந்த நாட்களில் அதற்குப் பறக்க வராது. அப்பாதான் தொண்டைப்பை நிறைய அத்திப் பழத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கீறல் வழியாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும்.

அப்பா திரும்ப வராவிட்டால் அம்மா பசியில் காத்திருந்து, முடியாத கட்டத்தில் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். சிறகு முளைத்திருந்தால் பிழைக்கும். குஞ்சு பிழைப்பது அரிது. ஒரு ஆண் பறவையைச் சுட்டால் ஒரு குடும்பமே போகும் என்று காட்டுக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் பெரிய இருவாச்சியில் அம்மா முதலில் வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் குஞ்சு தானே வாசலைத் திரும்ப அடைத்துக்கொள்ளும்! அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு அப்பா, அம்மா இரண்டும் சேர்ந்து ஊட்டும்.

கேள்வி: எங்க பட்டி மாடெல்லாம் பர்கூர் மாடு. காட்டுலதான் மேயும். நொண்டியோ காய்ச்சலோ வந்தா கடையில மருந்து வாங்கி நாங்களே ஊசி போட்டுக்குவோம். அந்த ஊசியால பாறு சாகுதுன்னு ஃபாரஸ்டுக்காரங்க சொல்றாங்க. மாட்டுக்குப் போட்ட ஊசி பறவையை எப்படிங்க கொல்லும்?
— மாடு வளர்ப்பவர், பர்கூர் மலை, அந்தியூர் வட்டம்

கொல்லுமுங்க அண்ணா. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைப் போட்டு, ஓரிரு நாளில் மாடு செத்துவிட்டால் மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அந்தப் பிணத்தைத் தின்ற பாறுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுக்கு, சிறுநீரகம் வேலை செய்யாமல் போகும். யூரிக் அமிலம் வெள்ளையாக உள்ளுறுப்பு முழுக்கப் படியும், தலை தொங்கும், சில நாளில் மரத்திலிருந்து விழும். 2004-இல்தான் இது விஞ்ஞானிகளுக்குத் துலங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நூறு பிணத்தில் ஒன்றில் மருந்து இருந்தாலே இனம் அழிய அது போதும். ஒரு பிணத்தைச் சுற்றி ஒரு கூட்டமே உட்காருமே, அதனால்.

கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கை 2006-இல் தடை செய்தார்கள். மனிதருக்கென்று வரும் பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் அந்தக் குப்பியை 3 மில்லி அளவோடு நிறுத்தினார்கள். 2023-இல் கீட்டோபுரொஃபேனும் அசிக்ளோஃபினாக்கும் தடையாகின. அதன்பிறகு நிமெசுலைடும். மருந்துக் கடையில் இந்த நான்கு பெயர் எழுதிய குப்பி எதை எடுத்து நீட்டினாலும் வாங்க வேண்டாம். மெலாக்சிகாம் என்று கேட்டு வாங்குங்கள், டோல்ஃபெனாமிக் அமிலமும் ஆகும். வலிக்கு இரண்டும் கேட்கும், பாறுக்கும் கெடுதல் இல்லை. நீங்களே ஊசி போடுவதைவிடக் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போடுவது மாட்டுக்கும் நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் அந்தப் பிணத்தில் பூச்சிமருந்து தடவிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் இழப்பு எனக்குத் தெரியும். பர்கூர் மாடு ஒன்றை இழப்பது பிள்ளையை இழப்பதுபோலத்தான். ஆனால் அந்த விஷத்தைத் தின்ன முதலில் இறங்குவது பாறு. வனத்துறையில் இழப்பீட்டுக்கு உடனே எழுதிக் கொடுங்கள். பணம் வரத் தாமதமானால் ஊர்க்காரர்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

மாயாற்றங்கரையில் வானளந்து நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சியில்தான் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கிறது. வருடத்துக்கு ஒரே முட்டை. குஞ்சு பெரிதாகி இணை சேர ஐந்து வருடம் ஆகும். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது எல்லா வகையும் சேர்த்து 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. பெருகிவிட்டது என்று இதை வைத்துக் கொண்டாட மாட்டேன், எண்ணிய இடங்கள் மாறினாலும் எண் மாறும். ஆனாலும் தென்னிந்தியாவில் அவை இன்னும் இருக்கின்றன, அதிலும் பெரும்பகுதி நம் மாயாற்றைச் சுற்றி இருக்கின்றன. உங்கள் பட்டி அந்தப் பறவையின் சாப்பாட்டுத் தட்டு அண்ணா. அதை அடுத்த பட்டிக்காரரிடமும் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: எஸ்டேட் ஒன்றில் அலுவலராக இருக்கிறேன். எங்கள் காபித் தோட்டத்து ஓரத்தில் பெரிய இருவாச்சி கூடு இருக்கிறது. வெளியே சொன்னால் நிலத்துக்குத் தொல்லை வரும், பேசாமல் மரத்தையே எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்ய? பெயர் போட வேண்டாம்.
— வால்பாறை

மரத்தை எடுக்காதீர்கள். பெரிய இருவாச்சி, வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. கூட்டை அழிப்பது குற்றம். ஆனால் ஒரு பறவை கூடு வைத்தது என்பதற்காக மட்டும் உங்கள் நிலம் வனத்துறைக்குப் போய்விடாது. அந்தப் பயம்தான் பறவைக்கு முதல் எதிரி.

இந்தப் பயம் வால்பாறைக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில் ரெட் காக்கடட் என்றொரு மரங்கொத்தி இருக்கிறது. உயிரோடு நிற்கும் கிழட்டுப் பைனில்தான் குடையும். அது அழியும் இனம் என்று 1970-இல் பட்டியலிட்டபின், மரம் வயதாகிப் பறவை வந்துவிட்டால் வெட்ட முடியாதே என்று நிலக்காரர்கள் சிலர் மரம் முதிரும் முன்பே வெட்டினார்கள். சட்டம் இருந்தும் பறவைக்கு வீடு குறைந்தது. அப்புறம் 1995-இல் வடக்குக் கரோலினாவில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு உங்கள் நிலத்தில் எத்தனை பறவை இருக்கிறதோ அதைக் காப்பாற்றுங்கள், உங்கள் பராமரிப்பால் கூடுதலாக வரும் பறவைக்காக உங்கள்மேல் புதுக் கட்டுப்பாடு வராது என்றார்கள். நிலக்காரர்கள் முன்வந்தார்கள். 1989-இல் ஒரு பெரும்புயல் கூட்டு மரங்களைச் சாய்த்தபோது, நிற்கும் மரங்களில் செயற்கைப் பொந்து செருகிப் பறவையைக் காப்பாற்றியவர்களும் அந்த நாட்டில் இருக்கிறார்கள். 2024-இல் அந்தப் பறவையை ஆபத்து குறைந்த பட்டியலுக்கு மாற்றினார்கள். கூடு வைத்திருக்கும் நிலக்காரர் பயப்படாமல் பேச ஒரு வழி நம் நாட்டிலும் எழுத்தில் வர வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனியும் கேட்பேன்.

நீங்கள் செய்யக்கூடியது: ஜனவரியிலிருந்து மே வரை அந்த மரத்தின் பக்கம் ரம்பம் ஓட வேண்டாம், கிளை கழிக்க வேண்டாம். நிழலுக்குப் புதிதாக நடும்போது சில்வர் ஓக்கை மட்டும் வரிசை கட்டாமல் நாட்டு மரங்களை நடுங்கள், அத்தி வகைகளைக் கட்டாயம் சேருங்கள். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் எஸ்டேட்டுகளோடு சேர்ந்து சோலைத் துண்டுகளில் நாட்டுமரக் கன்று நட்டுவருகிறார்கள். அவர்களிடம் கேட்டால் எந்த மரம் எந்த உயரத்தில் வரும் என்று சொல்வார்கள்.

கேள்வி: மரப்பெட்டி செய்து வீட்டு மாடியில் வைத்தால் இருவாச்சி வருமா?
— திருப்பூர் வாசகர்

வராது. திருப்பூரில் வைக்கும் பெட்டிக்கு மைனா வரலாம், புள்ளி ஆந்தை வரலாம். அவற்றுக்கும் வீடு வேண்டியதுதான், வையுங்கள். வெயில் நேராக அடிக்காத பக்கம், பூனை ஏற முடியாத உயரம்.

கேள்வி: நான் படம் எடுப்பவன். டாப்ஸ்லிப் பக்கம் இருவாச்சிக் கூடு ஒன்று தெரியும். தந்தை ஊட்டும் காட்சியை எடுத்துப் போடலாமா?
— உடுமலைப்பேட்டை

தம்பி, இடத்தைச் சொல்லாமல் போடலாம் என்று சொல்லிவிட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கூடு உயிரோடு இருக்கும் மாதங்களில் நான் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு படத்தைப் பார்த்து மரத்தையும் பாறையையும் வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் நான்கு வண்டி நிற்கும். மரத்தடியில் ஆள் இருந்தால் ஆண் பறவை பழத்தோடு தூரத்துக் கிளையில் உட்கார்ந்துவிடும், இறங்காது. நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருக்கிறவை பட்டினி.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு, வாட்சர் கூட வர, தூரத்திலிருந்து, சில நிமிடம். காட்சிக்கு மறைக்கிறது என்று ஒரு கிளையைக்கூட ஒடிக்காதீர்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். குஞ்சு வெளியேறிப் பொந்து காலியான பிறகு படத்தைப் போடுங்கள், அப்போதும் ஊர்ப் பெயர் வேண்டாம். கூடு இருக்கும் இடத்தை ரேஞ்சரிடம் மட்டும் சொல்லிவையுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் மரத்துக்கு நம்பர் போட வரும்போது அவர் கையில் இருக்க வேண்டிய தகவல் அது.

*(கேள்விகளை அஞ்சலட்டையிலும் அனுப்பலாம். பறவைக் கூடு இருக்கும் இடத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.)*